நுரைக்கு ஆறத் தெரியாது

கெண்ட் ரிட்ஜில், தரைக்குக் கீழே இரண்டாம் தளம்.
இரவு பதினொன்று தாண்டியும்
ஒரு தொடையெலும்பு நடந்துகொண்டிருக்கிறது,
நின்ற இடத்திலேயே.

எலும்பு என்பது பேச்சுக்கு.
பெட்டியில் வந்த நுரை வார்ப்பு,
இடது கால், நடுத்தர அளவு,
ஒன்றின் விலையில் என் வீவக வீட்டுக்கு
ஒரு மாத மின்கட்டணம் கட்டலாம்.
கழுத்தை நான்தான் அறுத்தேன்,
எழுபது பாகைச் சரிவில், மெல்லிய ரம்பத்தால்.
ஒரே பிற்பகலில் பதினெட்டுக் கழுத்து.
பக்கத்து மேசை ஹுய் ஷான்
காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள்.

ஆறு கழுத்துக்கு முக்கோணமாய் மூன்று திருகு.
ஆறுக்குத் தகடும் தடித்த ஒற்றைத் திருகும்.
மிச்ச ஆறுக்கு, மஜ்ஜைக் குழலில் இறங்கும் நீள ஆணி.
அறுத்தவளே முட்டுக் கொடுக்கிறேன்,
முட்டுக் கொடுத்தவளே மறுபடி முறிக்கிறேன்.
சம்பளம் இதற்குத்தான்.

நொடிக்கு ஓர் அழுத்தம், எழுநூறு நியூட்டன்.
அழுத்து, விடு. அழுத்து, விடு.
பத்தாயிரம் தாங்கினால் தேர்ச்சி.
கால் ஒன்றுதான், ஆனாலும்
இன்னொன்று கூட வருவதாக வைத்துக் கணக்குப் போட்டேன்:
இங்கிருந்து கேலாங் வரை போயிருக்கும்,
வழியில் ஒரு கோப்பிகூடக் குடிக்காமல்.

நேற்று ஒன்றில்
தலைக்குள் போன திருகு தலையைத் துளைத்து
மறுபக்கம் எட்டிப் பார்த்தது.
முந்தாநாள் பதினோராவது எலும்பு:
நுரை நொறுங்கவில்லை, ஆணி வளையவில்லை,
அடியில் பிடித்திருந்த என் சிமெண்டுக் கிண்ணம்தான் பிளந்தது.
‘நீக்கம்’ என்று எழுதினேன்.
எவ்வளவு தாங்கியிருக்கும் என்று
இனி யாருக்கும் தெரியாது.

கதவைத் தட்டினார் இரவுக் காவலர் சுல்கிஃப்லி.
“எது ஜெயிக்குது, அடிக்?”
“ஆணி.”
“இது?”
விரிசல் விட்ட கைபேசித் திரையில் அவர் இடுப்பு,
சாம்பல் வானத்தில் மூன்று வெள்ளைக் கோடுகள்.
தெபான் கார்டன்ஸ் ஈரச்சந்தை,
மீன்கடைத் தண்ணீர், நாலு வருஷம் முன்னால்.
முக்கோணத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.
இயந்திரத்தில் இப்போது இருப்பதும் அதேதான்.
“கடைசி,” என்றேன்.
வேறென்ன சொல்ல, அட்டவணை திறந்தே கிடந்தது.
சிரித்தார். இடது இடுப்பை
மாம்பழம் பழுத்ததா என்று பார்ப்பதுபோல் தட்டினார்.
டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இரவுக்குப் பன்னிரண்டு சுற்று. மாடிப்படிகள் வேறு.
விடுமுறை, மருத்துவ விடுப்பு எல்லாம் கழித்தாலும்
அந்த இடது கால் மட்டும் ஐம்பது லட்சம் தாண்டியிருக்கும்.
என் கடைசி இடக்காரனோ
நாலாயிரத்துச் சொச்சத்தில் கழன்றுவிடுகிறான்.

கணக்கில் பிழை இல்லை.
நுரைக்கு ஆறத் தெரியாது, அவ்வளவுதான்.
அவருடைய முதல் மாதத்தில்
திருகு பிடித்திருந்தது; அந்தப் பிடி தளர்வதற்குள்
ரத்தம் வந்து, சவ்வு வந்து, சுண்ணாம்பு வந்து
பொறுப்பை ஏற்றுக்கொண்டன.
யார் முந்துவது என்பதே பந்தயம்.
நான் அளப்பது அதில் முதல் நாளை மட்டும்,
அந்த முதல் நாளையே பத்தாயிரம் தரம்.
ஆறுதல் என்ற சொல்லுக்கு
என் அட்டவணையில் பத்தி இல்லை.
ஆனாலும் முதல் நாள் இல்லாமல்
இரண்டாம் நாள் ஏது?

மூவாயிரத்துத் தொள்ளாயிரம்.
நடைவழியில் அவர் பூட்ஸ் சத்தம்,
இயந்திரத்தோடு ஒத்துப் போகாத தாளம்.
நாலாயிரத்து நூறு. பிளவின் உதடு
ஒரு மயிரிழை விலகுகிறது.
நாலாயிரத்து இருநூற்றுப் பதினேழில்
தலை சாய்ந்தது.
எச்சரிக்கை மணி கட்டடம் முழுக்க அலறியது.
நிறுத்தும் பொத்தானைத் தேடுகிறேன்,
கைக்கு அகப்படவில்லை.

நடைவழியின் அந்தக் கோடியிலிருந்து
சுல்கிஃப்லி ஓடி வருகிறார்.
ஓடித்தான்.
“என்ன ஆச்சு, அடிக்? என்ன ஒடஞ்சது?”